கள்ளனுக்குத்தான் தெரியுமே!

பூட்டைப் பற்றி நீளமாக ஒன்று எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "ஏன், கள்ளனுக்குப் பாடம் எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டாள் மனைவி. சாவி வெட்டுகிற எவனும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. புசல்லாவை பஸாரில் கடை. நுவரெலியா பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட நேரம் போகாமல் மெஷினை எட்டிப் பார்த்து, "சாவி இல்லாம எப்புடிண்ணே தொறப்பீங்க?" என்பார்கள். சிரித்துவிட்டு அரத்தை எடுத்துக்கொள்வேன். ஆனால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது சிரித்து ஒதுக்குகிற விஷயம் இல்லை. எங்கள் தொழிலில் ஒழுக்கம் என்று ஒன்று இருந்தால் அதில் பெரும் பகுதி இதுதான்.

இதற்கு உலகம் முழுக்க ஒரு ரெடிமேட் பதில் இருக்கிறது: கள்ளனுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே, சொன்னால் என்ன? இந்தப் பதிலுக்கு நூற்றெழுபது வயதுக்கு மேல் ஆகிறது. அதன் கதை சுவையானது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1851. லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்த வருஷம். அமெரிக்காவிலிருந்து ஆல்ஃப்ரெட் சார்ள்ஸ் ஹொப்ஸ் என்ற பூட்டுக்காரர் வந்து இறங்கினார். அந்நாளைய இங்கிலாந்தில் இரண்டு பூட்டுகளை எவராலும் திறக்க முடியாது என்று ஒரு நம்பிக்கை. ஒன்று சப் கம்பனியின் டிடெக்டர் பூட்டு. போட்ஸ்மத் கப்பல் தளத்தில் ஒரு களவு நடந்து, அரசாங்கம் நூறு பவுண் பரிசு அறிவித்து, 1818ல் வந்த பூட்டு அது. சரியான சாவி இல்லாமல் யாராவது நோண்டி ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் அது அப்படியே சிக்கிக்கொள்ளும். அடுத்த முறை சொந்தக்காரர் சாவியைப் போடும்போது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பூட்டே காட்டிக்கொடுத்துவிடும். என்ன மூளை! கைதிக் கப்பலில் கிடந்த ஒரு பூட்டுக்காரக் கைதியிடம் அதைக் கொடுத்து, திறந்தால் விடுதலை, கையில் பணமும் உண்டு என்றார்களாம். மாதக்கணக்கில் முயன்று அவன் கைவிட்டான் என்று கதை. மற்றது ஜோசப் பிராமாவின் பூட்டு. பிக்கடிலியில் கடை ஜன்னலில் 1790 முதல் தொங்கிக்கொண்டே இருந்தது. திறப்பவருக்கு 200 கினி என்று பக்கத்தில் சவால் வேறு.

ஹொப்ஸ் சப் பூட்டை ஆட்களை வைத்துக்கொண்டே 25 நிமிஷத்தில் திறந்தார். திறந்ததோடு விடவில்லை, காட்டிக்கொடுக்கிற லீவர் சிக்காமல் திரும்பப் பூட்டியும் காட்டினார். பிராமா பூட்டு அவரை நன்றாகவே வேலை வாங்கியது. 16 நாட்களில் மொத்தம் 51 மணித்தியாலம். ஆனாலும் திறந்துவிட்டார். அறுபது வருஷச் சவால் போயிற்று.

அப்புறம் தொடங்கியது சண்டை. இப்படிப் பகிரங்கமாகக் காட்டலாமா, கெட்டவன் கற்றுக்கொள்ள மாட்டானா என்று ஒரு கூட்டம். 1853ல் சார்ள்ஸ் டொம்லின்சன் தொகுத்த பூட்டு நூலில் ஹொப்ஸ் தரப்பின் பதில் இருக்கிறது. திருடர்கள் தங்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள். நாம் சொல்லிக் கொடுப்பதைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். தெரியாமல் இருப்பவர் காசு கொடுத்துப் பூட்டு வாங்கிய அப்பாவி மட்டுமே என்கிற வாதம்.

நல்ல வாதம். ஆனால் ஹொப்ஸ் சும்மா ஊருக்கு உபகாரம் செய்ய வந்தவர் இல்லை. டே அண்ட் நியூவெல் என்ற நியூயோர்க் கம்பனியின் பூட்டை விற்க வந்தவர். மற்றவன் பூட்டு மோசம் என்று காட்டுவதில் அவருக்கு வியாபாரம் இருந்தது. பின்னர் லண்டனிலேயே சொந்தமாகப் பூட்டுக் கம்பனியும் தொடங்கினார். கொஞ்ச வருஷத்தில் சப் கம்பனி ஆள் ஒருவர் ஹொப்ஸின் பூட்டைத் திறந்து பழி தீர்த்துக்கொண்டார்! அதற்காக ஹொப்ஸின் வாதம் பொய்யாகிவிடாது. அடுத்தடுத்த காலத்தில் அது சரி என்று பல முறை நிரூபணமாகியிருக்கிறது. 2004ல் அமெரிக்காவின் கிரிப்டோனைட் சைக்கிள் பூட்டு, வட்டச் சாவி போடுகிற ரகம், சாதாரண போல்பொயின்ட் பேனாவின் குழாயால் திறக்கிறது என்று உலகமே பார்த்தது. கம்பனி பழைய பூட்டுகளை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுக்க வேண்டி வந்தது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதே குறையைப் பிரிட்டிஷ் சைக்கிள் சஞ்சிகை ஒன்று 1992லேயே எழுதியிருந்தது. நடுவில் பன்னிரண்டு வருஷம், தெரிந்தவன் தெரிந்தபடி இருந்தான், வாங்கியவன் வாங்கியபடி இருந்தான்.

இன்னொன்று பெரிய கட்டடங்களின் கதை. ஒரு கட்டடத்தில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சாவி, எல்லா அறைக்கும் சேர்த்து ஒரு மாஸ்டர் சாவி. ஹொட்டல், விடுதி, கந்தோர் எல்லாம் இப்படித்தான். மாட் பிளேஸ் என்ற கணினி ஆராய்ச்சியாளர் 2003ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓர் அறையின் சாதாரண சாவி கையில் இருக்கிறவன், அந்த அறைப் பூட்டையும் சில வெற்றுச் சாவிகளையும் ஓர் அரத்தையும் வைத்துக்கொண்டு மாஸ்டர் சாவியின் வெட்டுகளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கணக்கோடு காட்டினார். அமெரிக்கப் பூட்டுக்காரர்கள் பொங்கி எழுந்தார்கள். எங்கள் தொழில் இரகசியத்தை எப்படி நீ எழுதலாம் என்று. அந்தக் கோபத்திலேயே உண்மை வெளியே வந்துவிட்டது. அவர்களில் சிலருக்கு இது வருஷக்கணக்காகத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டே அந்த மாஸ்டர் பூட்டுகளை நிறுவிக் காசு வாங்கினார்கள், கட்டடக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைத் தொழில் இரகசியம் என்று என்னால் சொல்ல முடியாது. வாடிக்கையாளரிடம் மறைத்த குறை என்றுதான் சொல்வேன்.

விஷயம் தெரிந்தவன் அதை யார் பக்கம் நின்று பேசுகிறான் என்பதில் இருக்கிறது எல்லாம். சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை நினைத்துப் பாருங்கள். கோவலனைப் பிடிக்க வந்த காவலர், இவனைப் பார்த்தால் கள்ளன் மாதிரி இல்லையே என்று தயங்குகிறார்கள். அப்போது பொற்கொல்லன் களவு நூல் சொல்கிற வழிகள் என்று மந்திரம், தெய்வம் தொடங்கிக் கருவி வரை எட்டை அடுக்கி, கள்ளர் எவ்வளவு கெட்டிக்காரர் தெரியுமா என்று அவர்களைப் பயமுறுத்துகிறான். நிபுணன் பேசுகிறான் என்று அவர்கள் கேட்கிறார்கள். சிலம்பைத் திருடியவன் அவன்தான். நம் இலக்கியத்தில் பாதுகாப்பு ஆலோசகராக நடித்த முதல் கள்ளன் இவனாகத்தான் இருக்கும் என்று நான் அடிக்கடி சிரித்துக்கொள்வதுண்டு, சிரிக்கிற இடம் அது இல்லை என்றாலும்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டியதுதானே? இங்கேதான் ஹொப்ஸோடு எனக்குப் பிணக்கு.

2012ல் கோடி புரோஷியஸ் என்பவர், ஒனிட்டி என்ற ஹொட்டல் கார்ட் பூட்டைச் சின்னக் கருவி ஒன்றால் திறக்கலாம் என்று அமெரிக்க மாநாட்டு மேடையில் காட்டினார். செய்முறையையும் வெளியிட்டார். கம்பனிக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தப் பூட்டு உலகம் முழுக்க லட்சக்கணக்கான கதவுகளில் இருந்தது. உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையையே மாற்றினால்தான் சரியாகும், அந்தச் செலவை ஹொட்டல்கள் தலையில் கட்டப் பார்த்தது கம்பனி. சில மாதத்துக்குள் ஹூஸ்டனில் ஹொட்டல் அறைகளில் பொருட்கள் காணாமல் போகத் தொடங்கின. கள்ளனுக்கு ஏற்கெனவே தெரியும் என்பது இங்கே பொய்த்துப் போயிற்று. செய்முறை வெளிவந்த பிறகுதான் அவன் கை வைத்தான்.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. சாஃப்லொக் என்ற இன்னொரு கார்ட் பூட்டு, 131 நாடுகளில் 30 லட்சம் கதவுகள். அதில் ஓட்டை கண்ட ஆராய்ச்சியாளர்கள் 2022ல் தயாரிப்பாளர் டோர்மகாபாவிடம் சொன்னார்கள். 2024 மார்ச்சில்தான் வெளியே பேசினார்கள். அப்போதும் முழு நுணுக்கத்தையும் போடவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் 36 வீதமான பூட்டுகள்தான் சரிசெய்யப்பட்டிருந்தன. இந்த 36 வீதம் என்கிற எண்தான் எனக்கு முக்கியம். ஒரு வருஷத்துக்கு மேல் கொடுத்தும், பணமுள்ள ஹொட்டல்களே இவ்வளவுதான் மாற்றின.

இப்போது எங்கள் மலைக்கு வாருங்கள்.

1841ல் வோர்ம்ஸ் சகோதரர்கள் சீனத்துத் தேயிலைச் செடி நட்டுப் பார்த்த ரொத்ஸ்சைல்ட் தோட்டம் எங்கள் ஊர்ப் பக்கம்தான். தோட்டமும் இருக்கிறது, தொழிலாளர் லயங்களும் இருக்கின்றன. ஹொப்ஸ் லண்டனில் வங்கிக்காரர்களைப் பார்த்துப் பேசினார். உன் பூட்டு மோசம் என்று கேட்டதும் மறுநாளே மாற்றக் கூடியவர்கள். லயக் காம்பராவில் இருக்கிற ஒரு அக்காவிடம் அதே வார்த்தையைச் சொல்லுங்கள். 2024ல் கூட்டிக் கொடுத்தார்கள் என்று சொன்ன நாட்சம்பளம் 1,350 ரூபா. கொஞ்சம் கனமான பூட்டு ஒன்று ஒரு நாள் கொழுந்தைத் தின்றுவிடும். ஒரு குறையைப் பகிரங்கப்படுத்தினால் அதைச் சரிசெய்கிற செலவு யார் தலையில் விழும், அவரால் எத்தனை நாளில் சரிசெய்ய முடியும் என்று பார்க்காமல் 'மக்கள் தெரிந்துகொள்ளட்டும்' என்று சொல்வது எனக்கு ஒப்பாது.

சொல்லாமல் இருப்பதும் ஒப்பாது. ஆகவே நான் சொல்கிறதை இங்கேயும் சொல்கிறேன். மலிவுப் பூட்டுகளில் சாவி வகை குறைவு. ஒரே பெட்டியில் வந்த பூட்டுகளில் ஒன்றின் சாவி இன்னொன்றைத் திறப்பது சாதாரணம். அடுத்த காம்பராக்காரரும் அதே கடையில் அதே மாதத்தில் வாங்கியிருந்தால் கதை முடிந்தது. வாங்கும்போது கடைக்காரரிடம் நாலைந்து பூட்டு எடுக்கச் சொல்லி, சாவிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். முறைப்பார், பரவாயில்லை. இரண்டாவது, பூட்டுக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியைக் கொண்டிக்குக் கொடுங்கள். எங்கள் பக்கத்துக் கள்ளன் பூட்டில் நேரம் வீணாக்க மாட்டான். உளுத்த நிலையில் அடித்த இரண்டு சின்ன ஆணியைத்தான் பார்ப்பான். அலவாங்கு நுனி போதும் அவனுக்கு. கொண்டியைக் கதவின் மறுபக்கம் வரை போகிற போல்ட் போட்டு, உள்ளே நட் முடுக்கினால் இருநூறு முந்நூறு ரூபாவில் வேலை முடியும். இதெல்லாம் பலவீனத்தைப் பற்றிய தகவல்தான், ஆனால் கேட்கிற அக்காவுக்கு உடனே பயன்படும். அந்த மலிவுப் பூட்டைக் கையில் இருப்பதை வைத்து எப்படித் திறப்பது என்பது அவளுக்குப் பயன்படாது. அதை எழுத மாட்டேன்.

ஆனால் எழுதுவதா வேண்டாமா என்று நாம் மல்லுக்கட்டுகிற இந்தத் திறக்கும் முறைகள் எல்லாம், கடையில் உட்கார்ந்து பார்த்தால், தொழிலின் பெரிய இரகசியமே இல்லை. எது யாருடையது, யார் யாருக்குச் சாவி வெட்டிக் கொடுத்தேன், எந்த பங்களாவில் எந்த அறைக்கு என்ன பூட்டு என்பதுதான் பெரிய இரகசியம். நான் தொழில் பழகியது கண்டியில், ஒரு நானாவின் கடையில். மெஷினைத் தொட விட முன்பு அவர் சொன்னது ஒன்றுதான்: "சாமானுக்குச் சொந்தக்காரங்கட கை வந்தாத்தான் நம்மட கை போகணும், தம்பி. அவங்கட சொந்தக்காரங்க வந்தா போதாது."

இரண்டாவது வாக்கியத்தின் கனம் எனக்குப் புசல்லாவைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய், லீவில் வந்து, திரும்பவும் போன பெண் ஒருத்தியின் சூட்கேஸ். நம்பர் பூட்டு. அண்ணன்காரன் தூக்கிக்கொண்டு வந்தான். "தங்கச்சிதாண்ணே தொறக்கச் சொல்லுச்சு, நம்பர் மறந்துருச்சாம்." போன் போடு, நான் பேசுகிறேன் என்றேன். இப்போது அங்கே வேலை நேரம் என்றான். அப்படியானால் வேலை முடிந்த பிறகு வா என்றேன். பக்கத்தில் நின்றவர்கள், சொந்த அண்ணனைச் சந்தேகப்படுகிறான் பார் என்று என்னைப் பார்த்தார்கள். அவன் வரவே இல்லை. அந்த மாதிரிச் சூட்கேஸை யார் வேண்டுமானாலும் உடைக்கலாம், அதற்கு நான் தேவையில்லை. ஆனால் உடைத்தால் அவள் வந்து பார்ப்பாள். உடையாமல் திறக்கத்தான் என்னிடம் வருகிறார்கள். தடயம் இல்லாமல் திறப்பதுதான் நாங்கள் விற்கிற சாமான். ஹொப்ஸ் சப் பூட்டைத் திரும்பப் பூட்டிக் காட்டியபோது கைதட்டியவர்கள் இந்தப் பக்கத்தை யோசித்திருப்பார்களா தெரியவில்லை.

சொந்தக்காரர் யார் என்று பார்ப்பதும் இங்கே லேசு இல்லை. டவுனில் அடையாள அட்டையில் விலாசம் பார்க்கலாம், மின்சார பில் பார்க்கலாம். லயத்தில் வீடே கம்பனியுடையது, உறுதி கிடையாது. அட்டையில் தோட்டத்தின் பெயர் இருக்கும், டிவிஷன் இருக்கும், எந்தக் காம்பரா என்று இருக்காது. கடிதமே தோட்டக் கந்தோர் வழியாக வருகிற ஊர். ஆகவே நான் காகிதம் கேட்பதில்லை, ஆளைக் கேட்கிறேன். லயத்துக்கே போய், பக்கத்துக் காம்பரா அம்மாவைக் கூப்பிட்டு, அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் கதவில் கை வைப்பது. அமெரிக்காவில் பூட்டுக்காரர் சங்கங்கள் ஒழுக்கவிதி எழுதி வைத்திருக்கின்றன, சில மாநிலங்களில் லைசன்ஸ் உண்டு. இங்கே எனக்கு லைசன்ஸ் தருகிறவர் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாதான்.

நானாவின் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் தலதா மாளிகை. தந்ததாது இருக்கும் பேழைக்குச் சாவிகள் மூன்று. மல்வத்தை மகாநாயக்கர், அஸ்கிரிய மகாநாயக்கர், தியவடன நிலமே என்று மூவரிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. இது யாருக்கும் தெரியாத இரகசியமா? கண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 1818க்குப் பிறகு வெள்ளைக்காரன் தாதுவைத் தன் காவலில் வைத்துச் சாவியையும் பிடித்துக்கொண்டான். பௌத்தர்களின் பொருளுக்குக் கிறிஸ்தவ அரசாங்கம் காவலா என்று அவர்களுடைய மிஷனரிகளே சண்டை போட்டு அதைக் கைவிட வைத்தார்கள். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது, ஏற்பாடு அப்படியே நிற்கிறது. 1883ல் கெர்க்கொஃப்ஸ் என்ற டச்சுக்காரர் இராணுவ இரகசிய எழுத்து பற்றிச் சொன்ன விதியும் இதுதான்: அமைப்பு எதிரி கையில் அகப்பட்டாலும் பரவாயில்லை, சாவி மட்டும் அகப்படக் கூடாது. மாளிகையில் அமைப்பை ஊருக்கே சொல்லிவிட்டு, சாவியை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள்.

நம் ஆட்கள் நேரெதிர். பூட்டுக் கம்பனியின் பெயரைச் சொல்லக்கூடப் பயம், ஆனால் சாவியைப் போனில் படமெடுத்து ஊருக்கே காட்டுவார்கள். புது வீடு, புது வேன், இரண்டு விரலில் பிடித்த சாவி, சிரித்த முகம். சாவியின் படம் என்றால் பாதிச் சாவி கொடுத்த மாதிரி. 2008ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில், கூரை மேலிருந்து தூரத்து மேசையில் கிடந்த சாவியைத் தொலைநோக்கி வைத்துப் படமெடுத்து, வெட்டுகளை அளந்து, அதே சாவியைச் செய்துகாட்டினார்கள். 2014ல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை, அமெரிக்க விமான நிலையங்களில் பயணப் பெட்டிகளைத் திறக்கும் மாஸ்டர் சாவிகளைப் படம் பிடித்துப் போட்டது. அடுத்த வருஷம் அதைப் பார்த்தே யாரோ அச்சு எடுத்துவிட்டார்கள். மஸ்கட்டுக்கும் ரியாதுக்கும் எங்கள் பெண்கள் கொண்டு போகிற பெட்டிகளில் பலவற்றில் அதே சிவப்புக் குறிப் பூட்டுதான். விரலால் பல்லை மறைத்துப் பிடித்துப் படமெடுங்கள், சந்தோஷம் குறைந்துவிடாது.

கடையில் வேலை பழகுகிற பையனுக்கு வீடியோ ஆசை. பஸாரில் ஓடுகிற ஒரு மலிவுப் பூட்டைத் தமிழில் விளக்கி, எப்படித் திறப்பது என்று காட்ட வேண்டுமாம். வேண்டாம் என்றேன்.

"என்னாண்ணே நீங்க. லொக் பிக்கிங் லோயர்னு ஒருத்தர் யூடியூப்ல நூறு நூறாப் போட்ருக்காரு. அதப் பாத்து எவன் கெட்டான்?"

அவர் திறக்கிறது பெரும்பாலும் அமெரிக்காவில் விற்கிற பூட்டு, பேசுகிறது இங்கிலீஷ் என்றேன். ரொத்ஸ்சைல்டிலும் சோகம தோட்டத்திலும் தொங்குகிற பூட்டை, அங்கே பேசுகிற பாஷையில், அந்த ஊர் ஆளே திறந்து காட்டினால் அதைப் பார்க்கப் போகிறவர்கள் யார்? எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று ஒன்றும் இல்லையடா, எங்கே, எந்தப் பாஷையில் தெரியும் என்று இருக்கிறது.

பையன் லேசுப்பட்டவன் இல்லை. "அப்ப இங்கிலீஷ் தெரிஞ்சவன் நல்ல பூட்டாப் பாத்து வாங்கட்டும், நம்ம ஆளுக மட்டும் ஏமாந்துக்கிட்டே இருக்கணுமா?" என்றான்.

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை, அவன் கேட்டது நியாயம். கடைசியில் இப்படி முடிவு செய்தோம்: பஸாரில் விற்கிற நாலு வகைப் பூட்டை வாங்கி, கிரைண்டரால் பாதியாக அறுத்து உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை பின், என்ன உலோகம், என்ன விலை என்று காட்டுவது. ஒன்றின் சாவியை மற்றதில் போட்டுக் காட்டுவது. கொண்டிக்குப் போல்ட் போடுவதை முழுக்கக் காட்டுவது. திறப்பதைக் காட்டுவதில்லை. கம்பனிப் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதில் இன்னும் இழுபறி. சொல்ல வேண்டும் என்கிறான் அவன், முதலில் இறக்குமதி செய்கிறவருக்கு ஒரு கடிதம் போட்டு மூன்று மாதம் பார்ப்போம் என்கிறேன் நான். கடிதத்தைச் சிங்களத்தில் எழுத ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.